சில்லுமூக்கு உடைஞ்சா முதல்ல கடிகாரத்தைப் பாருங்க
(வாசகர் கேள்வி, டாக்டர் பதில்)

கத்திரி ஆரம்பிச்ச நாள்ல இருந்து வர்ற லெட்டர்ல பாதிக்கு மேல மூக்குல ரத்தம் தான். சில பேர் சில்லுமூக்கு உடைஞ்சிடுச்சுன்னு எழுதுறாங்க, சில பேர் சில்லிமூக்குங்குறாங்க, சென்னைக்காரங்க நோஸ்ல பிளட் வருதுங்குறாங்க, எல்லாம் ஒண்ணு தான். அதனால இந்த தடவை முழுக்க மூக்கு மட்டும். பேரெல்லாம் எடுத்துட்டு ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

வேலூர்ல இருந்து ஒரு அம்மா: டாக்டர் மேடம், என் பையனுக்கு 7 வயசு. இந்த மாசத்துல மட்டும் நாலு தடவை மூக்குல ரத்தம் வந்துடுச்சு. போன வாரம் காலையில எழுப்பப் போனா தலகாணி உறை, கன்னம் எல்லாம் ரத்தம், எனக்கு கை கால் ஓடல. என் மாமியார் உடனே அவனை மல்லாக்க படுக்க வச்சு தலையில தண்ணி ஊத்தி வெங்காயத்தை நசுக்கி மூக்குகிட்ட காட்டினாங்க. கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு, ஆனா அப்புறம் கட்டி கட்டியா ரத்தமா வாந்தி எடுத்தான். எல்லாம் சூடு தான்னு சொல்றாங்க, எனக்கு ராத்திரி தூக்கமே வரல, பிளட் கேன்சரா இருக்குமோன்னு நெட்ல படிச்சு பயந்து போயிருக்கேன்.

முதல்ல நெட்டை மூடி வைங்கம்மா. நீங்க சொல்ற விஷயத்துல பயப்படுற மாதிரி எதுவும் எனக்கு தெரியல, வாந்தி உட்பட. அந்த வாந்தியில வந்தது வயித்துல இருந்து கசிஞ்ச ரத்தம் இல்ல, மல்லாக்க படுக்க வச்சதால மூக்குல இருந்து தொண்டை வழியா உள்ள போன ரத்தம், வயித்துக்கு ரத்தம் ஒத்துக்காது, குமட்டிக்கிட்டு வெளிய தள்ளிடும், அவ்வளவு தான். மாமியார் மேல கோவப்படாதீங்க, அவங்க வீட்டுல அவங்களுக்கு அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான் செஞ்சாங்க, நான் இஎன்டி (காது மூக்கு தொண்டை) படிக்கப் போன அப்புறம் தான் எங்க அம்மாகிட்ட இதை சொல்லி திட்டு வாங்கினேன்.

மூக்குக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். ரெண்டு மூக்கு துவாரத்துக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்குல்ல, அதோட முன்பக்கம், சுண்டுவிரல் நுனி விட்டா தொடுற அதே இடத்துல, நாலஞ்சு ரத்தக்குழாயோட கிளைங்க வந்து ஒண்ணா சேருது. வேலூர்க்காரங்களுக்கு ஈசியா சொல்லணும்னா காட்பாடி ஜங்ஷன், சென்னை லைன், ஜோலார்பேட்டை லைன், திருப்பதி லைன், விழுப்புரம் லைன்னு எல்லாம் வந்து கூடுற மாதிரி. இதுக்கு லிட்டில்ஸ் ஏரியான்னு பேரு, ஜேம்ஸ் லிட்டில்ங்குற அமெரிக்க சர்ஜன் 1879ல இதைப் பத்தி எழுதினதால அந்த பேரு. மேல இருக்குற தோல் ரொம்ப மெல்லிசு, கீழ குருத்தெலும்பு, நடுவுல ரத்தக்குழாய்க்கு ஒளிஞ்சுக்க சதையே கிடையாது. காத்து உள்ள போறப்போ முதல்ல அடிக்கிறதும் இந்த இடத்துல தான், விரல் போறப்போ முதல்ல படுறதும் இங்க தான். பத்துல ஒன்பது மூக்கு ரத்தம் இந்த இடத்துல இருந்து தான் வருது, குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட எல்லாமே.

மாமியார் சொல்ற சூட்டை நான் முழுசா தள்ளிவிட மாட்டேன். வேலூர் மே மாசத்துல வெளிய அனல் காத்து, உள்ள ஃபேனை ஃபுல்லா வச்சு மூஞ்சிக்கு நேரா விட்டு தூங்குறோம், மூக்குக்குள்ள ஈரமே இல்லாம பொருக்கு தட்டிப் போகும், அந்தப் பொருக்கு அரிக்கும், பையன் தூக்கத்துலயே நோண்டுவான், பொருக்கோட ரத்தக்குழாய் தோலும் பிஞ்சுக்கிட்டு வரும். அதனால தான் காலையில தலகாணியில ரத்தம். சூடுங்குறது உடம்புக்குள்ள பொங்குற ஏதோ ஒண்ணு இல்ல, மூக்கு காய்ஞ்சு போறது தான். நான் நோண்டவே மாட்டேன்னு எல்லா பிள்ளைங்களும் சொல்லும், விரல் நகத்தை பார்த்தா தெரிஞ்சுடும். இன்னொண்ணு, காலையில எழுந்ததும் அடுக்கு தும்மல், மூக்கை உள்ளங்கையால மேல பார்த்து தேய்ச்சுக்கிட்டே இருக்குறது, இதெல்லாம் இருந்தா அலர்ஜி இருக்குன்னு அர்த்தம், அந்த அரிப்புக்கு மருந்து குடுக்காம ரத்தத்தை மட்டும் நிறுத்திக்கிட்டே இருந்தா மறுபடி மறுபடி வரும்.

இப்போ அடுத்த தடவை வந்தா என்ன செய்யணும்னு சொல்றேன், இதை கட் பண்ணி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சாலும் சரி. பையனை படுக்க வைக்காதீங்க, உட்கார வைங்க. தலையை பின்னாடி சாய்க்காதீங்க, லேசா முன்னாடி குனியச் சொல்லுங்க, கீழ ஒரு பேசினோ பழைய துண்டோ வச்சிடுங்க. அப்புறம் மூக்கை பிடிக்கணும், எங்க பிடிக்கணும்ங்குறதுல தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. இதைப் படிக்கிறப்பவே உங்க மூக்கை தொட்டுப் பாருங்க, கண்ணாடி உட்கார்ற இடம் கல்லு மாதிரி எலும்பு, அங்க எவ்வளவு அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. அப்படியே விரலை கீழ இறக்கிட்டு வாங்க, எலும்பு முடிஞ்சு மெத்துன்னு ஒரு இடம் வருதா, ரெண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினா மூச்சு அடைச்சுக்குதா, அதான் இடம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சு நல்லா இறுக்கிப் பிடிங்க, பையனை வாயால மூச்சு விடச் சொல்லுங்க, வாய்க்குள்ள ரத்தம் வந்தா முழுங்காம துப்பச் சொல்லுங்க.

பிடிச்சதும் கடிகாரத்தைப் பாருங்க. 10 நிமிஷம். நடுவுல எடுக்கவே கூடாது.

இந்த 10 நிமிஷம் தான் உலகத்துலயே கஷ்டமான வேலை. யாரைக் கேட்டாலும் ரொம்ப நேரம் பிடிச்சோம் டாக்டர் நிக்கலன்னு தான் சொல்லுவாங்க, சரி என் முன்னாடியே பிடிங்கன்னு சொல்லி செவுத்து கடிகாரத்தை காட்டினா ஒன்றரை நிமிஷத்துல கையை எடுத்து நின்னுடுச்சான்னு எட்டிப் பார்ப்பாங்க. பால்ல உறை ஊத்திட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஸ்பூனை விட்டு கலக்கிப் பார்த்தா தயிர் உறையுமா, அதே கதை தான், ரத்தமும் உறையணும்னா அசைக்காம விடணும், நீங்க கையை எடுத்து பார்க்குற ஒவ்வொரு தடவையும் கடிகாரம் திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்குது. டிவில கார்ட்டூன் போட்டு விடுங்க, அது முடியுற வரைக்கும் பிடிங்க. 10 நிமிஷம் கழிச்சும் வந்தா இன்னொரு 10 நிமிஷம். அதுக்கு மேலயும் ஓடுச்சுன்னா, மொத்தத்துல 20, 30 நிமிஷம் தாண்டினா, கிளம்பி ஆஸ்பத்திரிக்கு போங்க, போற வழியிலயும் பிடிச்சுக்கிட்டே போங்க.

நின்னதுக்கு அப்புறம் மூக்கை கழுவுறேன், கட்டியை எடுக்குறேன்னு நோண்டக் கூடாது, அந்த கட்டி தான் மூடி. ஒரு நாள் முழுக்க மூக்கு சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும், கொதிக்க கொதிக்க சாப்பாடு, சுடுதண்ணி குளியல், குனிஞ்சு ஆடுற விளையாட்டு எதுவும் வேண்டாம். அடுத்த நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்கு காலையில ராத்திரி வெறும் வாசலினை பட்டாணி அளவு எடுத்து மூக்கு துவாரத்து உள் ஓரத்துல தடவி, வெளிய இருந்து லேசா பிடிச்சு விட்டா அதுவே நடுச்சுவர்ல பரவிடும். விரலை உள்ள விட்டு தேய்க்க வேண்டாம், பட்ஸும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்க, ஃபேனை மூஞ்சிக்கு நேரா வைக்காதீங்க.

வெங்காயத்துல தான் நின்னுச்சுன்னு மாமியார் சொல்லுவாங்க. அம்மா, அது தானாவே நிக்குற நேரத்துக்கு வெங்காயம் பக்கத்துல இருந்துச்சு. ரத்தம் அளவுக்கு மேல தெரியுறதும் ஒரு காரணம், வெள்ளை தலகாணி உறையில ரெண்டு ஸ்பூன் ரத்தம் விழுந்தா கொலை நடந்த இடம் மாதிரி இருக்கும், 22 கிலோ இருக்குற பையன் உடம்புல ஒன்றரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுது. கேன்சர் பயத்துக்கு ஒரே ஒரு வரி: காரணம் இல்லாம உடம்புல நீலம் நீலமா தடிப்பு, ஈறுல ரத்தம், விடாத காய்ச்சல், வெளுத்துப் போயி சோர்ந்து கிடக்குறது, இதுல எதாவது கூட சேர்ந்து இருந்தா ரத்தப் பரிசோதனை கண்டிப்பா பண்ணணும். நீங்க எழுதினதுல அது எதுவும் இல்ல.

மதுரையில இருந்து ஒரு பிஇடி சார்: கிரவுண்ட்ல பிள்ளைங்களுக்கு பந்து பட்டு மூக்குல ரத்தம் வர்றது எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை. நாங்க பஞ்சு வச்சு அடைச்சு ஐஸ் வச்சு அனுப்பிடுறோம். சரியா?

ரத்தத்தை நிறுத்துறதுக்கு மேல சொன்ன அதே முறை தான் சார், பஞ்சு வேண்டாம், பஞ்சு உள்ள போயி ரத்தத்தோட ஒட்டிக்கும், எடுக்குறப்போ புண்ணையும் சேர்த்து பிச்சு திரும்ப ஓடும். ஐஸ் வைக்கலாம், வீக்கமும் வலியும் குறையும், ஆனா மூக்கை பிடிக்கிறதுக்கு பதிலா ஐஸ்னு வச்சுக்காதீங்க.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேற. அடிபட்ட மூக்குல ரத்தம் நின்ன அப்புறமும் ஒரு ஆபத்து இருக்கு. நடுச்சுவருக்குள்ளயே ரத்தம் கட்டி நிக்கும் சில பேருக்கு, வெளிய ஒரு சொட்டு வராது. பையன் ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்குன்னு சொல்லுவான், மூக்குக்குள்ள டார்ச் அடிச்சா ரெண்டு பக்கமும் செவப்பா பலூன் மாதிரி உப்பி இருக்கும், சளின்னு விட்டுடுவாங்க. அந்த குருத்தெலும்புக்கு சொந்தமா ரத்தக்குழாய் கிடையாது, மேல போர்த்தியிருக்குற தோல்ல இருந்து தான் சாப்பாடு, நடுவுல ரத்தம் கட்டி பிரிச்சுடுச்சுன்னா குருத்தெலும்பு பட்டினி கிடந்து ரெண்டு மூணு நாள்ல கரைய ஆரம்பிச்சுடும், சீழும் பிடிக்கும், கடைசியில மூக்கு நடுவுல சேணம் மாதிரி பள்ளம் விழுந்துடும். ஒரு பத்தாவது படிக்கிற பையன் கபடியில முட்டி பட்டு பத்து நாள் கழிச்சு என்கிட்ட வந்தான், பக்கத்துல காட்டின இடத்துல சளி மாத்திரை குடுத்து அனுப்பியிருந்தாங்க, மூக்கை பழையபடி கொண்டு வர முடியல. அதனால அடிபட்ட அன்னிக்கு சாயந்திரமும் மறுநாளும் அந்த பிள்ளையை கூப்பிட்டு மூச்சு போகுதாடான்னு ஒரு வார்த்தை கேளுங்க, அடைப்பு இருந்தா அன்னிக்கே இஎன்டி பார்க்கணும். தலையில பலமா அடிபட்டு மூக்குல இருந்து தண்ணி மாதிரி தெளிவா ஒழுகினா, மயக்கம் வாந்தி இருந்தா, மூக்கை விடுங்க, நேரா எமர்ஜென்சி.

தஞ்சாவூர்ல இருந்து ஒரு வாசகர், வயசு 64: எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஹார்ட் ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் (குழாயை திறந்து வைக்கிற சின்ன வலை) வச்சாங்க. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுறேன், பிபிக்கு ஒரு மாத்திரை. போன மாசம் விடியக்காலை 4 மணிக்கு மூக்குல ரத்தம் ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் நிக்கல, தொண்டைக்குள்ள ஊத்துற மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரியில பிபி 180ன்னு சொல்லி மூக்குக்குள்ள துணி வச்சு அடைச்சாங்க. இப்போ பயத்துல ரத்தம் கரையுற மாத்திரையை நானே நிறுத்திட்டேன். சரியா செஞ்சேனா?

ஐயா, இந்த இதழை கீழ வச்சுட்டு முதல்ல உங்க ஹார்ட் டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க, மாத்திரை நிறுத்தினதை சொல்லுங்க, அப்புறம் வந்து மீதியை படிங்க. மூக்குல வர்ற ரத்தத்தை நாங்க எப்படியும் நிறுத்திடுவோம், ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சா அது மாரடைப்பு. ரெண்டு மாத்திரையும் இன்னும் வேணுமா, ஒண்ணு போதுமா, எத்தனை நாள் விடலாம்ங்குறதை எல்லாம் அவர் தான் முடிவு பண்ணணும், நானும் பண்ண மாட்டேன், நீங்களும் பண்ணக் கூடாது. வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் இதே தான், அவங்களுக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் ஒண்ணு பார்ப்பாங்க, அளவு ஏறிப் போயிருந்தா டோஸை குறைப்பாங்க.

உங்களுக்கு வந்தது முன்பக்க ஜங்ஷன் ரத்தம் மாதிரி தெரியல. வயசானவங்களுக்கு மூக்கோட பின்பக்கத்துல, தொண்டைக்கு மேல இருக்குற கொஞ்சம் பெரிய ரத்தக்குழாய்ல இருந்து வரும், முன்னாடி சொட்டுறதை விட பின்னாடி தொண்டையில இறங்குறது ஜாஸ்தியா இருக்கும், வெளிய மூக்கை எவ்வளவு பிடிச்சாலும் அங்க எட்டாது. அதுக்காக பிடிக்காம விட்டுடாதீங்க, குனிஞ்சு உட்கார்ந்து பிடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு வரணும். ரத்தம் கரையுற மாத்திரை சாப்பிடுறவங்க 30 நிமிஷம் வரைக்கும் எல்லாம் வீட்டுல காத்திருக்க வேண்டாம், 10 நிமிஷம் பிடிச்சும் நிக்கலன்னா கிளம்பிடுங்க.

பிபி விஷயத்துல ஒண்ணு சொல்லணும். பிபி ஏறினதால மூக்கு உடைஞ்சுதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நல்லவேளை மூக்குல போச்சு, மூளையில போகலன்னு ஆறுதல் வேற. ஆனா மூக்குல ரத்தம் கொட்டுற மனுஷனுக்கு பயத்துலயே பிபி ஏறும் ஐயா, விடியக்காலை 4 மணிக்கு கேஷுவாலிட்டில உட்கார்ந்திருந்தா எனக்கே 160 காட்டும். அந்த ஒரு ரீடிங்கை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதே சமயம் பிபி நிஜமாவே கன்ட்ரோல்ல இல்லாதவங்களுக்கு ரத்தம் ஆரம்பிச்சா சட்டுன்னு நிக்காதுங்குறதும் உண்மை. ரெண்டு வாரம் வீட்டுல அமைதியா உட்கார்ந்து காலையும் சாயந்திரமும் அளந்து எழுதி வைங்க, அந்த நோட்டு தான் பேசும்.

உங்க மூக்குல வச்ச துணியைப் பத்தி, அதை பேக்கிங்னு சொல்லுவோம், ரிப்பன் மாதிரி நீள துணியில மருந்து தடவி மடிப்பு மடிப்பா உள்ள வைப்போம், இப்போ ஸ்பாஞ்ச் மாதிரியும் வந்துடுச்சு, வச்சுட்டு சலைன் விட்டா உள்ளயே ஊதி அமுக்கிக்கும். வைக்கிறப்போ கண்ணுல தண்ணி வந்துடும், நல்ல அனுபவம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல எடுத்துடுவோம். முன்பக்கம் கசியுற இடம் கண்ணுக்கு தெரிஞ்சா சில்வர் நைட்ரேட் குச்சியால தொட்டு கருக்கிடலாம், அஞ்சு நிமிஷ வேலை, ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல கருக்க மாட்டோம், சுவர்ல ஓட்டை விழுந்துடும்னு. எதுக்கும் அடங்காத பின்பக்க ரத்தத்துக்கு எண்டோஸ்கோப் வழியா போயி அந்த ரத்தக்குழாயையே மூடிடுறோம்.

திருநெல்வேலியில இருந்து: என் மகளுக்கு 11 வயசு, நாலு நாளா காய்ச்சல், இன்னிக்கு காய்ச்சல் விட்டுடுச்சு ஆனா மூக்குல லேசா ரத்தம் வந்துச்சு, வயித்து வலிங்குறா. உடம்பு சூடு இறங்குதுன்னு விட்டுடலாமா?

இந்த மெயில் வந்த அன்னிக்கே பதில் போட்டுட்டேன், உடனே அட்மிட் பண்ணுங்கன்னு. மத்தவங்களுக்காக இங்க போடுறேன். டெங்குவுல காய்ச்சல் விடுற நேரம் தான் ஆபத்தான நேரம், 3ல இருந்து 7 நாளைக்குள்ள. காய்ச்சல் விட்ட உடனே வயித்து வலி, விடாத வாந்தி, மூக்குலயோ ஈறுலயோ ரத்தம், பிள்ளை சுருண்டு படுத்துக்குறது, இதுல ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியம் கிடையாது. மூக்கை பிடிச்சு ரத்தத்தை நிறுத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் அணு (சாதாரணமா ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் இருக்கணும்) எங்க போயிருக்குன்னு பார்க்கணும், அதை விட முக்கியம் ரத்தத்துல இருந்து நீர்ச்சத்து கசிஞ்சு பிரஷர் இறங்குதான்னு பார்க்குறது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் தான், ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி மாத்திரை குடுத்தா ரத்தக் கசிவு கூடும். பப்பாளி இலைச் சாறு குடுத்துக்கிட்டே ரெண்டு நாள் பார்ப்போம்னு உட்கார்ந்திருக்காதீங்க.

தோஹாவுல இருந்து ஒரு தம்பி: அக்கா, நான் இங்க கம்பெனி ரூம்ல ஆறு பேரோட தங்கியிருக்கேன், 24 மணி நேரமும் ஏசி. வெளிய தூசி, உள்ள ஏசி. தினமும் காலையில மூக்கு சிந்தினா ரத்தக் கோடு வருது. மூக்கடைப்புக்கு ஃபார்மசில வாங்கின ஸ்ப்ரேயை எட்டு மாசமா அடிக்கிறேன், அடிக்கலன்னா தூக்கம் இல்ல.

தம்பி, உன் மூக்கை கெடுக்குறது பாதி ஏசி, பாதி அந்த ஸ்ப்ரே. அடைப்பை உடனே திறக்குற ஸ்ப்ரேக்கள் எல்லாம் மூக்குக்குள்ள இருக்குற ரத்தக்குழாயை சுருக்கி தான் வழி விடுது, அஞ்சு நாளுக்கு மேல அடிச்சா மருந்து இறங்கின உடனே முன்னை விட மோசமா வீங்கும், நீ திரும்ப அடிப்ப, அது திரும்ப வீங்கும், கந்துவட்டி மாதிரி, அசல் அடையவே அடையாது. அதை நிறுத்தணும். ஒரேயடியா முடியலன்னா ஒரு பக்கம் மட்டும் முதல்ல நிறுத்து, அந்தப் பக்கம் ஒண்ணு ரெண்டு வாரத்துல தெளிஞ்சதும் அடுத்த பக்கம். கஷ்டமா தான் இருக்கும். அங்க டாக்டரைப் பார்த்தா ஸ்டீராய்டு ஸ்ப்ரே குடுப்பாங்க, ஸ்டீராய்டுன்னு பயப்படாத, அது வேற வகை, மாசக்கணக்குல அடிக்கலாம், ஆனா அதையும் தப்பா அடிச்சா ரத்தம் வரும். எல்லாரும் வலது மூக்குக்கு வலது கையால அடிக்கிறாங்க, முனை நேரா நடுச்சுவரைப் பார்த்து நிக்குது, மருந்து முழுக்க அந்த ஜங்ஷன்ல போயி அடிக்குது. கையை மாத்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை காதுப் பக்கம் பார்க்கணும்.

ஏசிக்கு நேர் கீழ இருக்குற கட்டிலை யார்கிட்டயாவது தள்ளிவிடு (அதுக்கு ஆள் கிடைக்காதுன்னு தெரியும்). உப்புத்தண்ணி ஸ்ப்ரே, வெறும் சலைன், அது எத்தனை தடவை வேணா அடிக்கலாம், படுக்கப் போறப்போ வாசலின். சைட்ல தூசிக்கு மாஸ்க் போடு. தண்ணி குடி, தண்ணி குடிச்சா மூக்கு நனையாது ஆனா உடம்பு காய்ஞ்சு கிடந்தா மூக்கும் காயும்.

சேலத்துல இருந்து ஒரு கல்லூரி மாணவி: எனக்கு சின்ன வயசுல இருந்தே மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை மூக்குல ரத்தம் வரும், அரை மணி நேரம் ஆகும் நிக்க. பீரியட்ஸும் ரொம்ப ஜாஸ்தி, ஏழெட்டு நாள் போகும். எங்க அம்மாவுக்கும் அப்படித்தானாம், அதனால வீட்டுல யாரும் பெருசா எடுத்துக்கல. சூட்டு உடம்புன்னு வெந்தயம் தர்றாங்க.

இந்த லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவுக்கும் அப்படித்தான்ங்குற அந்த வரியால தான் வீட்டுல கண்டுக்காம விட்டிருக்காங்க, எனக்கு அதே வரி தான் துப்பு. மூக்கு, பீரியட்ஸ், குடும்பத்துல இன்னொருத்தருக்கும் இதே மாதிரி, இது மூணும் சேர்ந்தா ரத்தம் உறையுறதுலயே பிறவிக் குறை இருக்கான்னு பார்க்கணும்மா. வான் வில்லிபிராண்ட்னு ஒரு குறைபாடு இருக்கு, பரம்பரையா வர்ற ரத்தக்கசிவு நோய்கள்ல அதிகமா இருக்குறது இது தான், ஹீமோபீலியா மாதிரி பெரும்பாலும் ஆம்பளைங்களுக்கு மட்டும்னு இல்ல, பொண்ணுங்களுக்கும் வரும், பீரியட்ஸ் இருக்குறதால பொண்ணுங்க தான் ஜாஸ்தி அவதிப்படுவாங்க. லேசா இருக்குறவங்களுக்கு சாதாரண ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் தெரியாமலே போகும், அதுக்குன்னு தனி டெஸ்ட் இருக்கு. ஒரு மெடிசின் டாக்டர்கிட்டயோ ரத்த நோய் டாக்டர்கிட்டயோ போயி, எத்தனை நாள், எத்தனை நாப்கின், பல்லு பிடுங்கினப்போ எவ்வளவு நேரம் ரத்தம் வந்துச்சு, அம்மாவுக்கு பிரசவத்துல எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் சொல்லு. அப்படியே ஹீமோகுளோபினும் பார்த்துடு, இத்தனை வருஷம் போயிருக்கு, ரத்தசோகை கண்டிப்பா இருக்கும்னு நினைக்கிறேன். மருந்து இருக்கு இதுக்கு. தெரியாம ஆபரேஷன் டேபிள்ல ஏறினா தான் பிரச்சனை. அதுவரைக்கும் வலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை போடாத. வெந்தயம் சாப்பிடு, அதால கெடுதல் இல்ல, ஆனா டெஸ்டை தள்ளிப் போடாத.

கோவையில இருந்து, ஏழு மாச கர்ப்பிணி: ரெண்டு நாளைக்கு ஒருக்கா மூக்குல ரத்தம், குழந்தைக்கு எதாவது ஆகுமா?

ஆகாது. இந்த நேரத்துல உடம்புல ரத்தத்தோட அளவே கூடியிருக்கும், ஹார்மோனால மூக்குத் தோலும் வீங்கி மெத்துன்னு இருக்கும், அதனால சட்டுன்னு கசியும், பிரசவத்துக்கு அப்புறம் தானா போயிடும். சலைன், வாசலின், பிடிக்கிற முறை எல்லாம் அதே தான். அடுத்த செக்கப்ல பிபி பார்க்குறப்போ இதையும் சொல்லிடுங்க. ஒரே இடத்துல செவப்பா பரு மாதிரி வளர்ந்து தொட்டாலே ரத்தம் வந்தா மட்டும் இஎன்டிகிட்ட காட்டுங்க.

ஈரோட்டுல இருந்து: என் தங்கச்சி பொண்ணு மூணு வயசு. ஒரு பக்க மூக்குல மட்டும் ரத்தம் கலந்த சளி, பக்கத்துல போக முடியல அவ்வளவு நாத்தம்.

ஒரு பக்கம் மட்டும், நாத்தம், சின்னக் குழந்தை. உள்ள எதையோ போட்டிருக்கா. புளியங்கொட்டை, பட்டாணி, பாசிமணி, ரப்பர் துண்டு, ஸ்பாஞ்ச்னு நான் எடுக்காதது இல்ல, ஒரு பையன் மூக்குல உளுந்து முளை விட்டே இருந்துச்சு. வீட்டுல கொண்டை ஊசி, சாமணம் எதையும் விட்டு எடுக்காதீங்க, வழுக்கி இன்னும் உள்ள போயிடும், மூச்சுக்குழாய்க்கு போச்சுன்னா விபரீதம். அது பொம்மையில, ரிமோட்ல இருக்குற பட்டன் பேட்டரியா இருக்கலாம்னு துளி சந்தேகம் இருந்தாலும் அன்னிக்கே, அந்த மணியே ஓடுங்க, நாளைக்கு பார்ப்போம்னு சொல்லாதீங்க, சில மணி நேரத்துலயே அது நடுச்சுவரை அரிச்சு ஓட்டை போட்டுடும். சொட்டு மருந்து கூட விடக் கூடாது, ஈரம் பட்டா இன்னும் வேகமா அரிக்கும்.

கும்பகோணத்துல இருந்து ஒரு பாட்டி (பேரன் டைப் பண்ணி அனுப்பினது): எங்க காலத்துல அருகம்புல் சாறு, எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு சொட்டு மூக்குல விடுவோம், சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சா மூக்குலயும் நல்லெண்ணெய் விடுவோம், இப்போ எல்லாத்தையும் வேண்டாம்ங்குறீங்களே?

பாட்டி, அருகம்புல் சாறை குடிக்கணும்னா குடிங்க, எலுமிச்சையை ஜூஸ் போடுங்க, மூக்குல புண்ணு மேல எலுமிச்சை விட்டா எப்படி எரியும்னு பேரனைக் கேளுங்க. நல்லெண்ணெயை மூக்கு வாசல்ல விரலால லேசா தடவுறதுக்கு நான் குறுக்க வரல, ஆனா குழந்தைக்கு உள்ள ஊத்தாதீங்க. பச்சைக் குழந்தையை கால்ல போட்டு குளிப்பாட்டுறப்போ மூக்குல எண்ணெய் விட்டு ஊதுவாங்களே, அந்த எண்ணெய் நுரையீரல்ல போயி தங்கி நிமோனியா மாதிரி ஆகி வர்ற குழந்தைங்களை நான் பார்த்திருக்கேன், அது இருமக் கூட செய்யாம நைசா இறங்கிடும். அப்புறம் பேரன் கடைசியில தனியா ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கான், பாட்டி தினமும் மூக்குப்பொடி போடுறாங்க, அவங்களுக்கும் அப்பப்போ ரத்தம் வருதுன்னு. பாட்டி, அந்த டப்பாவை அவன்கிட்ட குடுத்துடுங்க.